லேப்ராஸ்கோப்பி, ஹிஸ்டரோஸ்கோப்பி: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்

நான் டாக்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கீழே இருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு பெண்கள் என்னிடம் கேட்டவை. அதாவது கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகு. அதே கேள்வியை ஒரு வாரம் முன்னால் டாக்டரிடம் கேட்டிருந்தால் சிலர் அங்கே வந்து படுத்திருக்கவே மாட்டார்கள் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. உங்களுக்கு எது சரி என்பதை உங்களைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

இரண்டும் ஒன்றுதானே? கேமரா விட்டுப் பார்ப்பதுதானே?

கேமரா ஒன்றுதான், போகிற வழி வேறு. ஹிஸ்டரோஸ்கோப்பியில் பிறப்புறுப்பு வழியாக, கர்ப்பப்பை வாயைத் தாண்டி, கர்ப்பப்பைக்கு உள்ளே போகிறார்கள். வெளியே எங்கும் வெட்டுவதில்லை, தையலும் கிடையாது. லேப்ராஸ்கோப்பியில் தொப்புள் பக்கத்தில் சின்னத் துளை போட்டு வயிற்றுக்குள் போய், கர்ப்பப்பையின் வெளிப்பக்கம், சினைக்குழாய், சினைப்பை, அவற்றைச் சுற்றி இருக்கும் இடம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

ஆக, வீட்டுக்குள்ளே போய்ப் பார்ப்பது ஒன்று, வெளியே சுற்றிவந்து பார்ப்பது இன்னொன்று. சுவருக்கு நடுவில் இருப்பதை? இரண்டுமே சரியாகக் காட்டாது. அடினோமயோசிஸ் என்று கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே பரவும் ஒரு நோய் இருக்கிறது, அதற்கு நல்ல ஸ்கேனும் எம்ஆர்ஐயும்தான். "கேமராவில் எல்லாம் நார்மல்" என்று சொன்ன பிறகும் வலி குறையாத பெண்கள் தங்களையே சந்தேகப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

எந்தப் பிரச்சினைக்கு எது?

உள்ளே இருப்பதற்கு ஹிஸ்டரோஸ்கோப்பி. பாலிப் என்கிற சதை வளர்ச்சி, உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நார்க்கட்டி (ஃபைப்ராய்டு), பிறவியிலேயே நடுவில் இருக்கும் தடுப்புச்சுவர், முன்பு செய்த டி அண்ட் சிக்குப் (கர்ப்பப்பையின் உட்பக்கத்தைச் சுரண்டி எடுப்பது) பிறகு உட்சுவர்கள் ஒட்டிக்கொள்வது, காணாமல் போன காப்பர் டி, மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு வரும் ரத்தக்கசிவு. கடைசியில் சொன்னதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது.

வெளியே இருப்பதற்கு லேப்ராஸ்கோப்பி. சினைப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்வது), குழாயில் தங்கிய கர்ப்பம், குழாய் அடைப்பு, கருத்தடை, கர்ப்பப்பையின் வெளிப்புறத்திலோ சுவரிலோ இருக்கும் நார்க்கட்டி, கர்ப்பப்பையையே எடுப்பது. சினைப்பை முறுக்கிக்கொள்வதும் இதில் சேரும், அது அவசர கேஸ். முறுக்கிய சினைப்பை நீலமும் கறுப்புமாகத் தெரிந்தால் முன்பெல்லாம் அது செத்துவிட்டது என்று எடுத்தேவிடுவார்கள். இப்போது முறுக்கைப் பிரித்துவிட்டு அப்படியே வைக்கத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் பார்வைக்குக் கறுத்துப்போன சினைப்பைகள் பலவும் பிறகு தேறி முட்டை விடுகின்றன. சின்னப் பெண்களின் அப்பா அம்மா இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்கேனில் தெரியாததா இதில் தெரிந்துவிடும்?

சிலது தெரியும். எண்டோமெட்ரியோசிஸின் மெல்லிய படிவுகள், ஒட்டுதல்கள் எல்லாம் ஸ்கேனில் தப்பிவிடலாம். ஆனால் காலம் மாறியிருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்று முடிவாகச் சொல்ல லேப்ராஸ்கோப்பி செய்தே ஆக வேண்டும் என்றுதான் ரொம்ப நாள் இருந்தது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றிவிட்டது. ஸ்கேனில் எதுவும் தெரியாதவர்களுக்கும், மருந்து கொடுத்துப் பார்த்தும் சரியாகாதவர்களுக்கும், மருந்து ஒத்துவராதவர்களுக்கும் லேப்ராஸ்கோப்பி செய்யலாம் என்கிறது அது. மற்றவர்களுக்கு அறிகுறியையும் ஸ்கேனையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். "சும்மா உள்ளே விட்டுப் பார்த்துவிடலாமே" என்று யாராவது சொன்னால், பார்த்த பிறகு சிகிச்சை எப்படி மாறும் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும், பாதி விஷயம் தெளிந்துவிடும்.

குழந்தை இல்லை என்று போனோம். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்கிறார்கள். தேவையா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், பதில் கொஞ்சம் நீளும்.

ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்ய முடியும் என்பது உண்மை. லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பை வாய் வழியாக நீலச் சாயம் செலுத்தி, அது குழாய் முனையில் வந்து கொட்டுகிறதா என்று நேரிலேயே பார்க்கலாம். கொட்டினால் குழாய் திறந்திருக்கிறது. ஒட்டுதல் இருந்தால் அப்போதே பிரித்துவிடலாம். எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், முன்பு வந்த இடுப்புத் தொற்று, குழாய் எக்ஸ்ரேயில் சிக்கல் என்று ஏதாவது இருந்தால் இதற்கு அர்த்தம் இருக்கிறது.

எதுவுமே இல்லாதவர்களுக்கு? ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சைக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு ஹிஸ்டரோஸ்கோப்பி செய்துவிட்டால் குழந்தை தங்கும் வாய்ப்பு கூடும் என்ற நம்பிக்கை ரொம்ப காலமாக இருந்தது. அதைச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. ஒன்று ஸ்கேன் நார்மலாக இருந்து முதல்முறை ஐவிஎஃப்புக்குப் போகும் பெண்களிடம், மற்றொன்று ஏற்கெனவே 2 முதல் 4 முறை ஐவிஎஃப் தோற்றவர்களிடம் நடந்தது. இரண்டிலும் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்தவர்களுக்குக் குழந்தை பிறப்பு கூடவில்லை. கர்ப்பப்பைத் தடுப்புச்சுவரை வெட்டிவிடுவது பற்றியும் 2021இல் ஒரு ஆய்வு வந்தது. 80 பெண்கள்தான், சின்ன ஆய்வு, ஆனால் வெட்டியவர்களுக்கும் வெட்டாதவர்களுக்கும் குழந்தை பிறப்பில் வித்தியாசம் காட்டவில்லை. அதனால் யாருக்குமே வெட்டக் கூடாது என்று சொல்லிவிட முடியாது, டாக்டர்களே இதில் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறார்கள். ஆனால் "இதை வெட்டினால் குழந்தை நிச்சயம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஸ்கேனில் பாலிப்போ உள்பக்க நார்க்கட்டியோ தெரிந்திருந்தால் கதை வேறு. அப்போது பார்ப்பதற்காகப் போவதில்லை, எடுப்பதற்காகப் போகிறார்கள்.

ஹிஸ்டரோஸ்கோப்பி வலிக்குமா? மயக்கம் கொடுப்பார்களா?

நேர்மையாகச் சொன்னால், ஆளுக்கு ஆள் வேறுபடும். "அவ்வளவுதானா?" என்று எழுந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன், கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகைப் பெண்களிடம் "லேசான பீரியட்ஸ் வலி மாதிரிதான் இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருப்பார்கள். எனக்கு அந்த வாக்கியமே பிடிக்காது.

வெறுமனே பார்ப்பதற்கான குழல் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனம்தான். அதை மயக்கம் இல்லாமல், விழித்திருக்கும்போதே செய்யலாம். ஸ்பெகுலம் என்ற விரிப்பானையும் கர்ப்பப்பை வாயைப் பிடிக்கும் இடுக்கியையும் விட்டுவிட்டு, நீர் விரித்துக்கொடுக்கும் வழியிலேயே குழலை நுழைக்கும் முறை ஒன்று இருக்கிறது, வலி அதில் குறைவு. முடிந்தால் அதைக் கேளுங்கள். சுமார் ஒரு மணி நேரம் முன்பு வலிமாத்திரை போட்டுக்கொள்வதும் உதவும், எந்த மாத்திரை என்பதை மட்டும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நார்க்கட்டியைச் சீவி எடுக்கும் குழல் 8, 9 மில்லிமீட்டர்கூட வரும், அதற்குக் கர்ப்பப்பை வாயை விரிக்க வேண்டும், பெரும்பாலும் மயக்கம்தான்.

குழந்தையே பெறாதவர்கள், சிசேரியன் மட்டுமே ஆனவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், பீரியட்ஸ் வலி வழக்கமாகவே தாங்க முடியாதவர்கள் முதலிலேயே மயக்கம் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விழித்திருந்து செய்யும்போது நடுவில் "போதும், நிறுத்துங்கள்" என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். தலைசுற்றி வியர்த்தால் உடனே சொல்லுங்கள், கர்ப்பப்பை வாயைத் தொடும்போது சிலருக்கு நாடித்துடிப்பு சட்டென்று இறங்கும்.

உடலுறவே வைத்துக்கொள்ளாத பெண்ணுக்கு இதைச் செய்ய முடியுமா?

முடியும். மேலே சொன்ன, விரிப்பான் இல்லாத முறையில் மெல்லிய குழலைக் கன்னித்திரையின் திறப்பு வழியாகவே கொண்டுபோகலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் சொன்னால் சரியான குழல் அங்கே தயாராக இருக்காது.

எந்த நாளில் செய்வார்கள்?

ஹிஸ்டரோஸ்கோப்பி என்றால் ரத்தம் நின்ற கையோடு. அப்போதுதான் உட்சவ்வு மெல்லியதாக இருக்கும், பாலிப் தெளிவாகத் தெரியும், கர்ப்பம் இருக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. லேப்ராஸ்கோப்பிக்கு நாள் அவ்வளவு முக்கியமில்லை. கர்ப்பமாக இருக்கலாம் என்று துளி சந்தேகம் இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

உள்ளே தண்ணீர் விடுகிறார்களாமே?

கர்ப்பப்பை சாதாரணமாக ஒட்டிய பை மாதிரி இருக்கும், விரித்தால்தான் உள்ளே பார்க்க முடியும். பெரும்பாலும் சலைன், அதாவது உப்புநீர். சீவி எடுக்கும்போது ரத்தக்குழாய்கள் திறப்பதால் அந்த நீரில் ஒரு பகுதி உடம்புக்குள் இழுக்கப்படும். அதனால் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பது எங்கள் வேலை. ஆரோக்கியமான பெண்ணுக்கு சலைன் என்றால் 2500 மில்லிலிட்டர், கிளைசின் மாதிரி உப்பில்லாத திரவம் என்றால் 1000 மில்லிலிட்டர், உள்ளே போனதைவிட வெளியே வந்தது இதற்கு மேல் குறைந்தால் பாதி வேலையாக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் வரம்பு இன்னும் கீழே. பெரிய நார்க்கட்டியை "இரண்டு தடவையாக எடுக்கலாம்" என்று டாக்டர் சொல்வது இதனால்தான், வேலை தெரியாததால் இல்லை.

லேப்ராஸ்கோப்பியில் என்னதான் செய்வார்கள்?

முழு மயக்கம், மூச்சுக்குழாயில் டியூப். தொப்புளில் சுமார் 1 சென்டிமீட்டருக்குள் ஒரு துளை, அடிவயிற்றில் 5 மில்லிமீட்டர் அளவில் இரண்டோ மூன்றோ. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிச் சுவரைத் தூக்குவார்கள், அழுத்தம் பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். காற்றை விடாமல் இந்த வாயுவை ஏன் விடுகிறார்கள் என்றால், இது தீப்பற்ற உதவாது (உள்ளே மின்சாரத்தால் சுட்டு வெட்டுகிறார்களே), ரத்தத்தில் சட்டென்று கரைந்து நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். பிறகு மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்திச் சாய்ப்பார்கள், குடல் மேலே சரிந்து இடுப்புப் பகுதி விலகித் தெரியும். முகம் கொஞ்சம் உப்பலாக எழுந்திருப்பது இதனால்தான், போய்விடும்.

முன்பு வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் இருந்தால் தொப்புளுக்குக் கீழே குடல் ஒட்டியிருக்கலாம். அப்போது இடது விலா எலும்புக்குக் கீழே 3 சென்டிமீட்டர் தள்ளி நுழைவார்கள். பாமர் புள்ளி என்று பெயர், பாரிஸில் 1940களில் லேப்ராஸ்கோப்பியைப் பெண்களுக்குப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த டாக்டர் ரவுல் பாமர் பெயரால். "வயிற்றில் ஆபரேஷன், தழும்பு ஏன் விலாவில்?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார். இதுதான் காரணம்.

ஆபரேஷன் வயிற்றில், வலி ஏன் தோள்பட்டையில்?

மீதமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்பும் கழுத்தில் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை ஏமாந்து தோள் வலிக்கிறது என்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும், இரண்டு மூன்று நாளில் போகும். கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். ஆனால் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் வாயு என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

துளை சின்னது, ஆபத்தும் சின்னதுதானே?

தழும்பு சின்னது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். உள்ளே நடப்பது மட்டும் முழு ஆபரேஷன்தான். வெறும் பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பியிலேயே ஆயிரத்தில் சுமார் 2 பெண்களுக்குப் பெரிய சிக்கல் வரலாம் என்பது பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கல்லூரி நோயாளிகளுக்குச் சொல்லச் சொல்லும் கணக்கு. குடல், சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய், பெரிய ரத்தக்குழாய் இவற்றில் காயம் என்று பொருள். குடல் காயம் சிலருக்கு அன்றைக்கே தெரியாது, நாட்கள் கழித்துத்தான் காட்டும்.

அதனால் வீட்டுக்குப் போன பிறகு ஒரு விதி: ஒவ்வொரு நாளும் நேற்றைவிட இன்று தேவலாம் என்று இருக்க வேண்டும். வலி கூடிக்கொண்டே போனால், காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பிக்கொண்டே வருவது, சிறுநீர் வராமல் இருப்பது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நாப்கின் நனைய நனைய ரத்தம் போவது, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்றாலும் கிளம்பிவிடுங்கள். "காலையில் பார்க்கலாம்" வேண்டாம்.

ஹிஸ்டரோஸ்கோப்பியில் பயப்பட வேண்டியது கர்ப்பப்பைச் சுவரில் ஓட்டை விழுவது. அரிது, பெரும்பாலும் தானே ஆறிவிடும், சில சமயம் லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டி வரும்.

நடுவில் வயிற்றைத் திறந்துவிட்டால் டாக்டர் சொதப்பிவிட்டார் என்று அர்த்தமா?

இல்லை. ஒட்டுதல் அதிகம், ரத்தம் நிற்கவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்றால் திறப்பதுதான் புத்திசாலித்தனம். பிடிவாதமாகத் துளை வழியாகவே முடிக்கப் பார்ப்பவரைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

புற்றுநோய் என்றாலும் கேமரா ஆபரேஷன்தான் நல்லதா?

எதில் புற்றுநோய் என்பதைப் பொறுத்தது. கர்ப்பப்பையின் உட்சவ்வில் வரும் ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அப்படி இல்லை. 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் ஆரம்பநிலை நோய்க்குத் திறந்து செய்தவர்களில் நாலரை வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 96.5 சதவீதம், துளை வழியாகச் செய்தவர்களில் 86 சதவீதம். யாரும் எதிர்பார்க்காத முடிவு, உலகம் முழுக்கப் பழக்கத்தையே மாற்றிவிட்டது.

நார்க்கட்டியிலும் ஒரு விஷயம் உண்டு. பெரிய கட்டியைச் சின்னத் துளை வழியாக எடுக்க, உள்ளேயே இயந்திரத்தால் துண்டு போடுவார்கள். நார்க்கட்டி என்று நினைத்தது அரிதாகப் புற்றாக இருந்துவிட்டால் வயிறெங்கும் சிதறிவிடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014இல் இதை எச்சரித்தது, நார்க்கட்டிக்காக ஆபரேஷன் செய்யும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு மறைந்த புற்று இருக்கலாம் என்றது. அந்த எண் அதிகம் என்று வாதாடியவர்களும் உண்டு. எப்படியும், கட்டியைப் பைக்குள் போட்டுத் துண்டாக்குவீர்களா என்று கேளுங்கள், மாதவிடாய் நின்றவர்கள் கண்டிப்பாகக் கேளுங்கள்.

சாக்லேட் கட்டியை எடுத்தால் முட்டை குறைந்துவிடுமா?

சாக்லேட் கட்டி என்பது எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் வரும் கட்டி. எடுத்தால் முட்டை குறையலாம். கட்டியின் தோலை உரிக்கும்போது ஒட்டியிருக்கும் நல்ல திசுவும் கொஞ்சம் போகும், ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு இறங்குவதில் அது தெரியும். இரண்டு பக்கமும் கட்டி, அல்லது இரண்டாவது ஆபரேஷன் என்றால் இன்னும் கவனம். குழந்தை வேண்டும் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே ஏஎம்எச் பார்த்து, முட்டை சேமிப்பது பற்றியும் பேசிவிடுங்கள்.

ரோபோ ஆபரேஷன் இன்னும் மேலா?

ரோபோ தானாக எதுவும் செய்யாது, டாக்டர் உட்கார்ந்து ஓட்டும் கருவி அது. சாதாரண நோய்களில் நோயாளிக்குக் கிடைக்கும் முடிவு லேப்ராஸ்கோப்பியிலிருந்து பெரிதாக மாறுவதில்லை. கருவியைவிட அதைப் பிடிக்கும் கை முக்கியம். இந்த ஆபரேஷனை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இதெல்லாம் புதிதாக வந்ததுதானே?

1869இலேயே பாண்டலியோனி என்பவர், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் போன 60 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்குள் குழல் விட்டுப் பாலிப்பைக் கண்டு, வெள்ளி நைட்ரேட்டால் சுட்டார். 1978இல் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனுக்கான முட்டையை டாக்டர் பேட்ரிக் ஸ்டெப்டோ எடுத்தது லேப்ராஸ்கோப்பியில்தான். உலகின் முதல் லேப்ராஸ்கோப்பி குடல்வால் ஆபரேஷனை 1980இல் செய்ததும் ஒரு பெண்கள் நல மருத்துவர், ஜெர்மனியின் கீல் நகரத்து குர்ட் செம். சக சர்ஜன்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். இன்று எல்லோரும் செய்கிறார்கள்.

எப்போது பழையபடி ஆகலாம்?

பார்ப்பதற்கு மட்டும் ஹிஸ்டரோஸ்கோப்பி என்றால் ஓரிரு நாள். கசிவு சில நாள் இருக்கும், அதுவரை நாப்கின் போதும், டாம்பன் வேண்டாம். பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டி எடுத்திருந்தால் இரண்டு மூன்று வாரம். கர்ப்பப்பையை எடுத்திருந்தால் வெளியே தழும்பு ஆறியதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பிறப்புறுப்பின் உச்சியில் போட்ட தையல் பிரியாமல் ஆறுவதற்கு 6 முதல் 8 வாரம், சில சமயம் அதற்கும் மேல் உடலுறவு கூடாது, கனமும் தூக்கக் கூடாது. சுவரிலிருந்து நார்க்கட்டி எடுத்தவர்கள் எத்தனை மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம், சுகப்பிரசவம் சரியா என்பதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

நகப்பூச்சு போட்டிருக்கலாமா?

அழித்துவிட்டு வாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் சரியாகப் படிக்காமல் போகலாம்.

வீட்டுக்குப் போகும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஆபரேஷன் குறிப்பு, உள்ளே எடுத்த படங்கள் அல்லது வீடியோ, பயாப்சி (எடுத்த திசுவின் பரிசோதனை) ரிப்போர்ட். மயக்கம் தெளிந்த அரைமணி நேரத்தில் டாக்டர் வந்து சொல்வது எதுவும் ஞாபகத்தில் நிற்காது, அதனால் கூட ஒருவர் நின்று எழுதிக்கொள்ளட்டும். பயாப்சி முடிவு வரச் சில நாள், சில சமயம் இரண்டு வாரமாகும். போன் வரவில்லை என்றால் நார்மல் என்று எடுத்துக்கொள்ளாமல் நீங்களே கேட்டுவிடுங்கள்.